அருகில் உழைப்பு, தொலைவில் பணம்: வெளிநாடுவாழ்வோரின் தொண்டு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளிநாடுகளில் வாழ்வோரிடம் உதவி கோரும் வேண்டுகோள்கள் தங்கள் நாளிதழில் அடிக்கடி இடம்பெறுகின்றன. வெள்ளம், நிலநடுக்கம், அவசர அறுவைச் சிகிச்சை, பள்ளிக் கட்டடம் என அவற்றின் நோக்கங்கள் பலவகைப்பட்டவை, பெரும்பாலானவை நியாயமானவையும்கூட. ஆனால் அந்த வேண்டுகோள்கள் எல்லாவற்றிலும் வெளிநாட்டில் வாழ்பவர் பணம் கொடுப்பவராக மட்டுமே தெரிகிறார். அவர் வாழும் ஊரில் அவருக்குள்ள கடமை என்ன, எந்த உதவியை எங்கே செய்தால் அது உரியவரைச் சென்றடையும், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் எந்த உதவி கெடுதலில் முடியக்கூடும் என்பவை பேசப்படுவதே இல்லை. நெடுங்காலமாக வெளிநாட்டில் வாழ்ந்து, ஓய்வு நாள்களில் தொண்டு அமைப்புகளோடு பணியாற்றி வரும் வாசகன் என்ற முறையில் இதுபற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாழ்பவர் தம் உழைப்பையும் நேரத்தையும் தாம் வாழும் ஊருக்குக் கொடுக்க வேண்டும். தொலைவில் துன்பப்படுபவர்களுக்குப் பணமாகக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு இது எளிதாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாழும் ஊரின் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டுக்கொரு முறை சிறு தொகையை அனுப்பிவிட்டு, அந்த ஊரோடு உள்ள கணக்கு தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். தொலைதூர நாட்டுக்கோ விடுமுறையில் நேரில் சென்று சில நாள் தொண்டு செய்துவிட்டுத் திரும்புகிறோம். இல்லையேல் பழைய துணிகளையும் மருந்துகளையும் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புகிறோம். முதலாவதில் கிடைத்திருக்க வேண்டிய நன்மை கிடைக்காமல் போகிறது. இரண்டாவதில் சில வேளைகளில் கெடுதலே விளைகிறது.

ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, 2024-ஆம் ஆண்டில் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30.4 கோடிப் பேர். அதே ஆண்டில் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இவர்களைப் போன்றோர் அனுப்பிய பணம் சுமார் 68,500 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. இதில் பெரும்பகுதி பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போவது. அதைத் தொண்டு என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஆயினும் எல்லை கடந்து விரைவாகவும் பயனுள்ளதாகவும் செல்லக்கூடியது பணம்தான் என்பதை இந்தத் தொகை காட்டுகிறது. அனுப்புவதற்கான செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு. இன்றைய உலகச் சராசரியோ 6 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. நன்கொடை அனுப்புபவரும் கட்டணத்தையும் நாணய மாற்று விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பினால், வழியில் கரையும் பணம் குறையும்.

இனி வாழும் ஊருக்கு வருகிறேன். அங்கே ஏன் தொண்டு செய்வதில்லை என்று நண்பர்களைக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இங்கே எத்தனை நாள் இருக்கப்போகிறோம்?" இந்தப் பதிலைச் சொன்னவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்கும் போய்விட்டார்கள். வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது, வீடு மாறுகிறது, விசா புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் தற்காலிகமாக வந்தவர் என்ற எண்ணம் மட்டும் மாறுவதில்லை. அந்த ஊரின் நூலகத்திலும் பூங்காவிலும் மருத்துவமனையிலும் முகம் தெரியாத தன்னார்வலர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அதை நாள்தோறும் அனுபவித்துக்கொண்டே அதில் நமக்குப் பங்கில்லை என்று ஒதுங்கியிருப்பது எனக்கு முறையாகப் படவில்லை. ஓராண்டு மட்டுமே தங்கப்போகிறவர்கூட அந்த ஓராண்டில் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்க முடியும்.

மேலும், வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் உள்ளூர்க்காரரிடம் இல்லாத சில தகுதிகள் இருக்கின்றன. புதிய நாட்டின் படிவங்களோடும் அலுவலகங்களோடும் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட அனுபவம் அவற்றுள் முதன்மையானது. நான் பணியாற்றும் உதவி மையத்துக்கு, வேற்று நாட்டிலிருந்து வந்து மகனோடு வாழும் மூதாட்டி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதில் அரசு அலுவலகங்களிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வந்த கடிதங்கள், உறை பிரிக்கப்படாமல், வந்த வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. மொழி தெரியாததால் பிரிப்பதற்கே அஞ்சியிருக்கிறார். மகன் இரவுப் பணியில் இருப்பவர் என்பதால் அவரைத் தொந்தரவு செய்யவும் மனமில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தோம். பெரும்பாலானவை வெறும் தகவல் கடிதங்கள். ஒன்றில் கண் பரிசோதனைக்கு மருத்துவமனை குறித்துக் கொடுத்திருந்த நாள் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது. அங்கிருந்தே தொலைபேசியில் பேசி வேறொரு நாளைக் குறித்துக்கொண்டு, அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. எத்தனை ஆயிரம் நன்கொடை அனுப்பினாலும் அந்த உறைகள் தாமாகப் பிரிந்திருக்க மாட்டா. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது.

இத்தகைய பணியில் எல்லை அறிந்து நிற்பதும் முக்கியம். கடிதத்தைப் படித்துச் சொல்வது வேறு. விசா விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று அறிவுரை சொல்வது வேறு. பிரிட்டனில் உரிய அங்கீகாரம் இல்லாதவர் குடியேற்ற ஆலோசனை வழங்குவது, இலவசமாகவே வழங்கினாலும், 1999-ஆம் ஆண்டின் குடியேற்ற, தஞ்சச் சட்டப்படி குற்றம். அதேபோல மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் நேரத்தில், இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த தன்னார்வலர் மொழிபெயர்க்க முன்வருவது ஆபத்தானது. அங்கே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும்படி நோயாளிக்கு எடுத்துச் சொல்வதே அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

மொழியால் செய்யக்கூடிய தொண்டுக்கு ஜப்பானின் கோபே நகரம் நல்ல சான்று. 1995 ஜனவரி 17 அன்று அங்கே நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் திரண்டதால், அந்த ஆண்டையே தங்கள் நாட்டுத் தன்னார்வத் தொண்டின் முதல் ஆண்டாக ஜப்பானியர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்நகரின் நாகாத்தா பகுதியில் கொரியர்களும் வியட்நாமியரும் கணிசமாக வாழ்ந்தனர். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த முகாமில் இடமிருக்கிறது என்ற அறிவிப்புகள் ஜப்பானிய மொழியிலேயே வந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்காகக் கொரிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் சிறு வானொலி ஒலிபரப்புகள் தொடங்கப்பட்டன. அவை பின்னர் ஒன்றிணைந்து பன்மொழிச் சமுதாய வானொலியாக வளர்ந்தன. ஒரு பேரிடரில் வெளிநாட்டவர் உதவிக்குக் காத்திருப்பவராக மட்டும் இல்லாமல், உதவும் அமைப்பின் பகுதியாகவே ஆக முடியும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. ஆனால் பேரிடர் வந்த பிறகு அறிமுகம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு முன்பே உள்ளூர் அமைப்புகளோடு பழகியிருக்க வேண்டும்.

வார இறுதிகளில் தம் மொழிச் சங்கங்களுக்காக உழைப்பவர்கள் பலர் என்பதை நான் அறிவேன். பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடத்துவதும் விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போடுவதும் உண்மையான தொண்டுதான். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வதெல்லாம், அந்த உழைப்பில் ஒரு சிறு பங்கை நம் மொழி பேசாத அண்டை வீட்டாருக்கும் ஒதுக்குங்கள் என்பதே.

தொண்டு செய்ய முன்வருகிறவர் தம் விசாவின் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். ஊதியம் வாங்காத வேலைக்கு என்ன அனுமதி என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வேலை அனுமதியில்லாத விசாவில் இருப்பவர், தொண்டு நிறுவனத்தில் வழக்கமாகத் தன்னார்வலர்கள் செய்யும் பணியைச் செய்யலாம். ஆனால் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையைச் சம்பளமின்றிச் செய்தால், அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர், கட்டாயக் கடமைகளோடு ஊதியமின்றிச் செய்யும் வேலை, அவருக்கு வாரந்தோறும் அனுமதிக்கப்பட்ட வேலை நேரக் கணக்கில் சேரும். அங்கே பார்வையாளராகச் செல்பவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள்கள் வரை மட்டுமே தன்னார்வலராகப் பணியாற்றலாம்.

இந்த விதிகளை நான் எடுத்துச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கணவரோ மனைவியோ வேலைக்குப் போக, உடன் வந்த துணைவர் வேலை அனுமதியின்றி வீட்டில் இருக்கும் குடும்பங்கள் மிகப் பல. அவர்களில் பொறியாளர்கள், ஆசிரியர்கள், கணக்காளர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் அனுபவம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, முழுநேர அலுவலக வேலையைத் 'தன்னார்வம்' என்ற பெயரில் அவர்களிடம் வாங்கிக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் உண்டு. இலாப நோக்குள்ள ஒரு நிறுவனம் தன்னார்வலரைக் கேட்கிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். உண்மையான தொண்டு நிறுவனம் பணியின் தன்மையை எழுத்தில் தரும், பயணச் செலவைத் திருப்பித் தரும், காப்பீடு வைத்திருக்கும், வர முடியாத நாளில் வர இயலாது என்று சொல்லும் உரிமையை மதிக்கும். குழந்தைகளோடும் முதியோரோடும் பழகும் பணி என்றால் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் கேட்கும். பிரிட்டனில் தன்னார்வலர்களுக்கு இந்தச் சரிபார்ப்புக்கு அரசுக் கட்டணம் இல்லை. அண்மையில் வந்தவரிடம் முன்பு வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்றையும் கேட்பதுண்டு. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்காத அமைப்பிடம்தான் நம் பிள்ளைகளை விட நாம் அஞ்ச வேண்டும்.

உழைப்பு, பணம் இரண்டிலும் சேராத இன்னொரு கொடை இருக்கிறது. அதைப் பற்றி வெளிநாடுவாழ்வோரிடையே போதிய அறிவு இல்லை. குருதிக்கொடையைச் சொல்கிறேன். மலேரியா பரவலாக உள்ள பகுதியில் வாழ்ந்தவர்களும் அங்கே சென்று திரும்பியவர்களும் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும், அல்லது கூடுதல் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள், தமக்கு இனி எப்போதும் தகுதியில்லை என்று நினைத்துப் பிறகு போவதே இல்லை. விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. 1980 முதல் 1996 வரையிலான காலத்தில் பிரிட்டனில் மொத்தமாக ஆறு மாதமேனும் வாழ்ந்தவர்கள் குருதி கொடுக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த தடை 2022-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவும் அதே ஆண்டில் இதுபோன்ற தடையை விலக்கிக்கொள்ள வழிவிட்டது. ஆகவே முன்பு மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் வம்சாவளிக்கும் தொடர்பு இருக்கிறது. 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்து அறிவித்த 'பம்பாய்' குருதி வகையைக் கொண்டவர்களுக்கு, ஓ வகைக் குருதியைக்கூட ஏற்ற முடியாது. அதே வகையினரிடமிருந்துதான் பெற்றாக வேண்டும். அரிதான இந்த வகை தெற்காசியரிடையே மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் குருதி மூல உயிரணு (ஸ்டெம் செல்) மாற்றிலும் இதே நிலைதான். திசு வகை பரம்பரையாக வருவதால், குடும்பத்துக்கு வெளியே பொருத்தமான கொடையாளர் பெரும்பாலும் அதே வம்சாவளியினரிடையேதான் கிடைப்பார். உலகெங்கும் உள்ள பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் மிகுதி, தெற்காசியர் குறைவு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் பதிவு முடிந்துவிடும். பெரும்பாலான பதிவேடுகள் இளவயதினரையே நாடுகின்றன என்பதால், பெற்றோர் தம் வளர்ந்த பிள்ளைகளிடம் இதுபற்றிப் பேசலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: ஆற அமர யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பொருத்தம் கிடைத்து அழைப்பு வரும்போது பின்வாங்கினால், நம்பிக்கையோடு காத்திருக்கும் நோயாளிக்கு அது பேரிடி.

இப்போது தொலைவில் செய்யப்படும் தொண்டுக்கு வருகிறேன். விடுமுறையில் வேற்று நாட்டுக்குச் சென்று, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் ஓரிரு வாரம் தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் மேலை நாட்டு மாணவர்களிடையே தொடங்கி, இன்று வெளிநாடுவாழ் குடும்பங்களிடையேயும் பரவியிருக்கிறது. பயண நிறுவனங்கள் இதற்கெனத் திட்டங்களே விற்கின்றன. உலகின் பல நாடுகளில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார் என்று குழந்தைகள் நல அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. வறுமையால் ஒப்படைக்கப்பட்டவர்களும், நல்ல படிப்பு கிடைக்கும் என்று ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. பார்வையாளர்களும் அவர்களின் பணமும் வரவர, இல்லங்களை நிரப்புவதற்குக் குழந்தைகள் தேடப்படுகிறார்கள். பழகிய அண்ணன்களும் அக்காக்களும் மாதந்தோறும் வந்து வந்து மறைவது, ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் குழந்தையை மேலும் நோகச் செய்கிறது. சுற்றுலாவோடு இணைந்தவை உட்பட, இத்தகைய தன்னார்வத் திட்டங்களால் நேரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் குழந்தை உரிமைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டிருக்கிறது. அந்தப் பயணச்சீட்டுக்கு ஆகும் பணத்தில், குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க உதவும் அமைப்புக்கு நன்கொடை கொடுப்பது எவ்வளவோ மேல். மகனுக்கும் மகளுக்கும் உலக அனுபவம் வேண்டும் என்று கருதும் பெற்றோரின் ஆசையை நான் குறைத்து மதிக்கவில்லை; ஆனால் அந்த அனுபவத்துக்கான விலையை வேறொரு குழந்தை கொடுக்கக் கூடாது.

பொருளாக அனுப்புவதிலும் இதே கேடு இருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு வந்து குவிந்த மருந்துகள் ஏறத்தாழ 4,000 டன். அவற்றில் பெரும்பகுதி அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழிகளில் பெயரிடப்பட்டிருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. மருந்தை அழிப்பது குப்பையை எரிப்பது போன்றதன்று; அதற்குத் தனி உலையும் பெரும் செலவும் வேண்டும். உயிர்காக்கும் பொருள்களுக்கு வேண்டிய கிடங்கும் லாரியும் ஆள்களும் வேண்டாத பொருள்களைப் பிரிப்பதில் வீணாயின. வந்து சேரும் மருந்துக்குக் காலாவதி தேதி வரை குறைந்தது ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளில் ஒன்று. கேட்டு உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது என்பதும் அவற்றில் அடங்கும்.

பொருள் சேகரிக்கும் மையங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நாங்கள் பிரித்த ஒரே பெட்டியில் பாதி தீர்ந்த இருமல் மருந்துப் புட்டி, ஒற்றைக் காலணி, சாயம் போன திருமண உடை, எழுதித் தீர்ந்த பள்ளிக் குறிப்பேடு ஆகியவை இருந்தன. மருந்து கசிந்து எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவசரத்தில் அலமாரியைக் காலி செய்திருக்கிறார். ஆனால் வீடிழந்து நிற்பவருக்கும் தம் அளவில் ஓர் உடை, தம் பிள்ளைக்குப் பொருந்தும் காலணி, தம் மொழியில் எழுதப்பட்ட மருந்து வேண்டும். அவற்றைப் பாதிக்கப்பட்ட இடத்துக்கு அருகிலுள்ள கடையிலேயே வாங்கினால், அந்தக் கடைக்காரரும் பிழைப்பார். கப்பல் கட்டணமும் மிஞ்சும். பணத்தைக் கொடுத்தால் என்ன தேவை என்பதைத் தேவையுள்ளவரே தீர்மானிக்க முடியும். இந்த மரியாதைதான் பழைய துணியில் இல்லாதது.

பணத்தையும் நிபந்தனைகளால் கட்டிப்போடாமல் கொடுப்பது நல்லது. ஆழிப்பேரலை நேர்ந்த சில நாள்களிலேயே, 2005 ஜனவரித் தொடக்கத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்தப் பேரிடருக்காகத் தனக்கு வேண்டிய நிதி வந்துவிட்டது என்று அறிவித்து, அதற்கென மேலும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மிஞ்சும் தொகையை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது, பெரும்பாலோர் இசைந்தனர். தொலைக்காட்சியில் தெரியும் பேரிடருக்குப் பணம் குவிவதும், தெரியாத பஞ்சத்துக்குக் கிடைக்காமல் போவதும் இன்றும் மாறவில்லை. கையைக் கடிக்காத ஒரு சிறு தொகையை மாதந்தோறும், எந்தத் திட்டத்துக்கு என்று குறிப்பிடாமல், நம்பிக்கைக்குரிய ஓர் அமைப்புக்குக் கொடுத்து வருவது, செய்தி வரும்போது உணர்ச்சிவசப்பட்டு ஒரே முறை கொடுப்பதைவிடப் பயனுள்ளது. அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஓர் அமைப்பு செவிலியரையோ ஆசிரியரையோ நிலையாக நியமிக்க முடியும். நிர்வாகச் செலவு துளியும் இல்லை என்று விளம்பரம் செய்யும் அமைப்புகளை நான் நம்புவதில்லை. கணக்கர், தணிக்கை, நல்ல ஊதியம் வாங்கும் ஊழியர் இல்லாமல் நேர்மையான நிறுவனம் நடக்காது.

நம்பிக்கைக்குரியது எது என்று அறிய வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆஸ்திரேலியத் தொண்டு நிறுவனங்களுக்கும் அரசு ஆணையங்களின் பதிவேடுகள் இணையத்தில் திறந்திருக்கின்றன. அமெரிக்காவில் வருமானவரித் துறையின் தளத்திலேயே தேடலாம். பதிவு எண், ஆண்டுக் கணக்கு, நிர்வாகக் குழு ஆகிய மூன்றையும் பார்க்கக் கால்மணி நேரம் போதும். வரிச் சலுகையையும் விட்டுவிடக் கூடாது. பிரிட்டனில் வரி செலுத்துபவர் ஒரு படிவத்தில் உறுதிமொழி கொடுத்தால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்னியை அரசு அந்த நிறுவனத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறது. படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் குறியிட மறந்து போவோர் எத்தனையோ பேர்.

சட்டத் தடைகளும் உண்டு. அமெரிக்காவில் வரி செலுத்துபவர் வேற்று நாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக வரிக்கழிவு கிடைக்காது. அங்கே பதிவுபெற்ற அமைப்பின் வழியாகக் கொடுக்க வேண்டும். இந்தியாவின் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால் கருதப்படும். பெறும் நிறுவனம் அச்சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே பெற வேண்டும். ஒரே குடும்பத்தில் இந்தியக் குடியுரிமையுள்ள கணவர் கொடுக்கலாம், வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற மனைவி கொடுத்தால் அப்படிப் பதிவு செய்யாத நிறுவனம் சிக்கலில் மாட்டும் என்ற நிலை இதனால் ஏற்படக்கூடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிரத் தனிநபர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சக ஊழியரின் சிகிச்சைக்காக வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோள் பகிர்வதற்கு முன் இதை அறிந்திருப்பது அவசியம்.

தொலைவுக்கு நேரத்தையே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்குள்ளவர்கள் கேட்டழைத்த மருத்துவர், பல மாதம் தங்கி உள்ளூர்ச் செவிலியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவது பெரும் தொண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டித் தலைநகரை நிலநடுக்கம் தாக்கியபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் சில நாள்களிலேயே அந்நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் அதைப் பயன்படுத்தினர். யாரும் விமானம் ஏறவில்லை, யாருடைய உணவையும் இருப்பிடத்தையும் பங்குபோடவில்லை. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு இணையவழியிலேயே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு போன்ற பணிகளுக்கு ஆள் சேர்க்கிறது. இவை எல்லாவற்றிலும் கேட்டது அங்குள்ளவர்கள்; கொடுத்தவர் கேட்டதைக் கொடுத்தார்.

2026-ஆம் ஆண்டை நீடித்த வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. இதையொட்டித் தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவதாக, உதவி கோரும் ஒவ்வோர் அறிவிப்போடும் பெறும் அமைப்பின் பதிவு எண்ணையும், எந்தெந்த நாட்டிலிருந்து, எந்தக் குடியுரிமையுடையோர் சட்டப்படி கொடுக்கலாம் என்ற விவரத்தையும் கட்டாயமாக அச்சிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று ஒரு சிறு செய்தியும் வெளியிடுங்கள். இரண்டாவதாக, வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் தாம் வாழும் ஊர்களில் செய்யும் அன்றாடத் தொண்டுக்கு மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த நாட்டில் எந்த விசாவில் என்ன செய்யலாம், யாரை அணுக வேண்டும், என்ன சான்றுகள் கேட்பார்கள் என்பதை, ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். அப்படி ஒரு பகுதி தொடங்கப்பட்டால், நான் அறிந்த நாட்டின் விதிகளைத் தொகுத்து, அங்குள்ள தொண்டு அமைப்பினரிடம் சரிபார்த்து அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வெளிநாடுவாழ் வாசகன்